வீட்டுப் படங்களுக்கு ஒரு பெயர்ப்பட்டியல்

கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே வரலாற்றின் ஆதாரங்கள் என்று நாம் நெடுங்காலம் கருதி வந்தோம். அரசர் போர் தொடுத்ததும் ஆலயம் எடுப்பித்ததும் அவற்றிலே உண்டு. ஆனால், ஒரு சாதாரணக் குடும்பத்தார் எப்படி நடந்தனர், எப்படிச் சிரித்தனர், வந்த விருந்தினரை எவ்வாறு உபசரித்தனர் என்பனவற்றை எந்தக் கல்வெட்டும் சொல்லுவதில்லை. அவற்றைச் சொல்லவல்ல ஆதாரம் இன்று நம் வீடுகளுக்குள்ளேயே இருக்கின்றது. அலுமாரியின் அடித்தட்டிலே தூசி படிந்து கிடக்கும் பழைய வீடியோ நாடாவே அது.

மட்டக்களப்பு நகரிலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரத்தில் உள்ளது கல்முனை. மருதமுனை, பாண்டிருப்பு, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும் அடுத்தடுத்து அமைந்த கடற்கரை இது. இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல். ரூபவாஹினி தொடங்கியது 1982இல். அக்காலத்திலேதான் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைக்கச் சென்றோர் வீடியோக் கருவிகளையும் கொண்டுவந்து சேர்த்தனர். நிக்காஹ் வைபவம், சுன்னத்துக் கலியாணம், பூப்புனித நீராட்டு விழா, வீடு குடிபுகுதல் என எல்லா நற்காரியங்களும் நாடாவிலே பதிவாகத் தொடங்கின. தங்கையின் கலியாணத்துக்கு வர இயலாத தமையனுக்கும், பிள்ளையின் முதற் பிறந்தநாளைக் காணக் கிட்டாத தகப்பனுக்கும் அந்த நாடாவின் பிரதியே ஊரிலிருந்து சென்ற உறவாயிற்று.

அந்தப் படங்களில் மணமக்கள் மட்டுமா இருக்கின்றனர்? சகனைச் சுற்றி அமர்ந்து உண்போர், பந்தலுக்கு வெளியே நிற்கும் சிறுவர், கிடுகு வேலி, மணல் ஒழுங்கை, கிணற்றடி, மருதமுனையின் கைத்தறி, கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்ற விழா ஆகிய யாவும் படம்பிடிப்பவரின் கமராவுக்குள் தாமாகவே வந்து விழுந்திருக்கக்கூடும். முஸ்லிம் வீட்டுப் பந்தலிலே தமிழ் அயலாரும், தமிழர் வீட்டுப் பந்தலிலே முஸ்லிம் நண்பரும் அமர்ந்திருந்த காட்சியும் அவற்றில் அடங்கியிருக்கலாம். பின்னாளில் போரும் மனக்கசப்பும் விலக்கிவைத்த மனிதர் ஒருகாலத்தில் ஒரே பந்தியில் இருந்தனர் என்பதற்கு அதைவிடச் சிறந்த அத்தாட்சி வேறெது?

கடல் கொண்டவையும் எஞ்சியவையும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை காலை, ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. இலங்கையின் மாவட்டங்களுள் மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. இங்கு மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். கரையோரத்து வீடுகளோடு அவ்வீடுகளின் அல்பங்களும் நாடாக்களும் அழிந்தன.

எனினும் ஓர் ஆறுதல் உண்டு. கலியாண நாடா ஒரு வீட்டோடு நிற்பதன்று. மணமகள் வீட்டில் ஒன்று, மணமகன் வீட்டில் ஒன்று, வெளிநாட்டிலிருக்கும் உறவினரிடம் ஒன்று என அதன் பிரதிகள் பல இடங்களுக்குச் சென்றிருக்கும். ஆகவே, கடற்கரையில் வாழ்ந்து மறைந்த ஒரு தாயின் நடையும் பேச்சும், மேற்குப் புறத்திலுள்ள வேறொருவர் வீட்டுக் கலியாண நாடாவிலே இன்றும் இருக்கலாம். அந்தத் தாயின் பிள்ளைகளுக்கு அது தெரியாது. நாடாவை வைத்திருப்பவருக்கோ அதில் வருபவர் யாரென்று தெரியாது. இவ்விருவரையும் இணைக்கவல்லது ஒன்றே. அதுதான் பெயர்ப்பட்டியல்.

நாடா நெடுநாள் நில்லாது. மெல்லிய பிளாஸ்ரிக் பட்டையின்மேல் காந்தத் துகள்களை ஒருவகைப் பசையினால் ஒட்டியே அதனை ஆக்கியிருக்கிறார்கள். நம் கடற்கரையின் ஈரக்காற்று அந்தப் பசையை இளக்குகின்றது; பூஞ்சணமும் பிடிக்கின்றது. வீ.எச்.எஸ். முறை ஜப்பானில் அறிமுகமானது 1976இல். அதை ஓட்டும் கருவிகளைக் கடைசிவரை செய்து வந்த ஃபுனாய் நிறுவனமும் 2016இல் அத்தொழிலை நிறுத்திவிட்டது. இதை உணர்ந்து பலர் தம் நாடாக்களைக் கணினிக்கு மாற்றி வருகின்றனர். மிக நல்ல காரியம். ஆயினும், மாற்றுவதோடு வேலை முடிந்தது என்றெண்ணுவது தவறு. கருவி படத்தைக் காப்பாற்றும். படத்திலுள்ளவர் இன்னார் என்று அது சொல்லாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் நம் வீட்டு முதியோர்களே. நாடாவைப்போலவே அவர்களுடைய நினைவுக்கும் கால எல்லை உண்டு.

வீட்டுப் படம் நாட்டின் உடைமையாதல்

வீட்டுப் படத்துக்கு இத்துணைப் பெருமையா என்று சிலர் வினவலாம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்கா தன் நாட்டு ஜப்பானிய வமிசத்தவர் ஏறத்தாழ 120,000 பேரை முகாம்களில் அடைத்தது. யூட்டா மாநிலத்தின் ரோபாஸ் முகாமில் இருந்த டேவ் தட்சூனோ என்பவர், இரகசியமாகப் பெற்ற 8 மில்லிமீற்றர் கமராவினால் அங்கு வாழ்ந்த குடும்பங்களைப் படம்பிடித்தார். 1996இல் அந்தப் படம் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இடம்பெற்றது.

தமிழர் ஒருவரின் உழைப்பையும் இங்கே கூறவேண்டும். ஏ. கே. செட்டியார் காந்தியடிகளைப் பற்றி உலகின் பல பாகங்களில் சிதறிக்கிடந்த படத்துண்டுகளைத் தேடி, ஏறத்தாழ 50,000 அடி நீளத்துக்குச் சேகரித்து, 1940இல் ஒரு வரலாற்றுப் படமாக வெளியிட்டார். அத்தகைய அரிய முயற்சியும் பிற்காலத்தில் பிரதி கிடைக்காமற்போய், அதன் ஆங்கில வடிவமொன்றை அமெரிக்காவிலே தேடிக் கண்டெடுக்க நேர்ந்தது. மகாத்மாவைப் பற்றிய படத்துக்கே இக்கதியென்றால், நம் மூத்தம்மாவும் அம்மம்மாவும் வரும் படத்துக்கு நாமன்றிக் காவல் யார்?

பட்டியல் எழுதும் முறை

இதற்குப் பெரும் பணமோ பட்டமோ வேண்டியதில்லை. ஒரு கொப்பியும் பொறுமையும் போதும். முதலில் ஒவ்வொரு நாடாவுக்கும் ஓர் இலக்கம் இடுக. அதே இலக்கத்தை உறையிலும் நாடாவின் மேலும் கொப்பியிலும் எழுதுக. நாடாவின் பின்விளிம்பிலுள்ள சிறு தகட்டை ஒடித்துவிட்டால், தவறியேனும் அதன்மேல் வேறொன்று பதிவாகாது. பூஞ்சணம் பிடித்த நாடாவை மட்டும் கருவியில் இடாது, அத்தொழில் அறிந்தவரிடம் கொடுத்தல் வேண்டும்.

அடுத்தது திகதி. படத்தின் மூலையில் தெரியும் திகதியை அப்படியே நம்பிவிடலாகாது. கமராவின் கடிகாரத்தைத் திருத்தாமலே எடுத்தவர் பலர். கலியாண அழைப்பிதழ் இருந்தால் அதுவே நல்ல சான்று. ஹிஜ்ரித் திகதியும் ஆங்கிலத் திகதியும் அதில் இருக்கலாம். அதுவும் இல்லையெனில், சுவரில் தொங்கும் கலண்டரும், மடியிலிருக்கும் குழந்தையின் இன்றைய வயதும் துணைசெய்யும்.

பின்னர், முதியோரை அருகில் இருத்திப் படத்தை ஓடவிட்டு, இத்தனையாவது நிமிடத்தில் இன்னார் வருகின்றார் என்று குறித்துவருக. ஒரே பெயருடையோர் நம் ஊர்களில் பலர் உளர். ஆதலால், தகப்பன் பெயர், தொழில், ஊரார் வழங்கும் பெயர், ஒழுங்கை ஆகியவற்றையும் சேர்த்தல் நன்று. கிழக்குக் கரையில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழியாகக் குடி எண்ணும் வழக்கமுடையோர். வீடும் பெரும்பாலும் மகளுக்கே சீதனமாகச் செல்கின்றது. ஆகவே ஒரு வீட்டை அறிய, அது எந்தத் தாயிடமிருந்து எந்த மகளுக்குச் சென்றது என்று கேட்பதே நேர்வழி. அடையாளம் தெரியாதவரை விட்டுவிடாமல், நீலச் சட்டை அணிந்து வாசலில் நிற்பவர் என்பது போல எழுதிவைத்தால், பின்னர் வேறொருவர் பெயர் சொல்லக்கூடும். முதியோர் பேசும்போது கைத்தொலைபேசியில் அவர்களுடைய குரலைப் பதிந்துகொள்வதும் பயன்தரும். பெயரோடு கதையும் கிடைக்கும்.

மரியாதையும் காவலும்

இங்கு ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் வேண்டும். முஸ்லிம் வீட்டு வைபவங்களில் பெண்கள் பகுதியைத் தனியே படமெடுப்பதுண்டு. அது வீட்டாரின் கண்களுக்கென்றே எடுத்தது, பிறர் காண்பதற்கன்று. எனவே இப்பகுதி குடும்பத்தாருக்கு மட்டும், இப்பகுதி யாவரும் காணலாம் என்று பட்டியலிலேயே தெளிவாகக் குறித்தல் வேண்டும். அந்தப் பகுதியிலே பெயர் சொல்லும் பணியையும் அவ்வீட்டுப் பெண்களே செய்யட்டும். மறைந்தவர்களின் படத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுமுன்னும் அவர்கள் விருப்பத்தைக் கேட்டல் பண்பாகும். அழுகை வரலாம், பார்க்க மனமில்லை என்றும் சொல்லலாம். அவர்கள் ஆயத்தமாகும் நாள்வரை படமும் பட்டியலும் காத்திருக்கட்டும்.

மாணவர்கள் இதனை விடுமுறைக் காலப் பணியாக மேற்கொள்ளலாம். 2005இல் தொண்டர்களின் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் இணையத்தளம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து எல்லோரும் படிக்கத் தந்திருக்கின்றது. பலருடைய சிறு சிறு உழைப்பு ஒன்றுசேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்பதற்கு அது கண்கண்ட உதாரணம். வீட்டுக்கொரு கொப்பியாக எழுதத் தொடங்கி, அயல் வீட்டாரும் அயல் ஊராரும் ஒருவர் பட்டியலை ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டால், இருபது முப்பது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு கடற்கரையையே நாம் மீண்டும் அறிந்துகொள்ளலாம். மருதமுனை மாணவனின் கொப்பியிலே பாண்டிருப்புத் தாயொருத்தியின் பெயர் இருத்தலும், காரைதீவு மாணவியின் கொப்பியிலே சாய்ந்தமருதுப் பெரியவர் ஒருவரின் பெயர் இருத்தலும் எத்துணை இனிய காரியங்கள்!

நாடாவைக் கணினிக்கு மாற்றும் வேலையை அடுத்த ஆண்டும் செய்யலாம். பெயர் கேட்கும் வேலையை அவ்வாறு ஒத்திவைத்தலாகாது. இன்று நம் வீட்டுத் திண்ணையில் இருப்பவரே அதற்கு விடை சொல்லவல்லவர். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் அருகில் ஒரு கொப்பியுடன் அமர்வோமாக.