பிரேக் பெடல் மெத்தென்று உள்ளே போகிறதா? பழைய லோடு வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியவை!

அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி பக்கம் நெல்லும் வாழைத்தாரும் ஏற்றி ஓடும் வண்டிகளில் 10, 15 வருடம் பழையவை நிறைய. "ரெண்டு மிதி மிதிச்சா நிக்குதுல்லா, அப்புறம் என்ன?" என்று ஓட்டிக்கொண்டு இருப்பவர்களும் உண்டு. தாமிரபரணிக் கரையோரச் சாலை பெரும்பாலும் சமதளம் என்பதால், பிரேக்கில் இருக்கும் கோளாறு அங்கே வெளியே தெரியாது. அதே வண்டி செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறி இறங்கும்போதுதான் சிக்கல்.

அந்தச் சரிவு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு உதாரணம். 2024 பிப்ரவரியில் கேரளாவில் இருந்து பிளைவுட் ஏற்றி வந்த லாரி, புளியரை எஸ் வளைவு அருகே கட்டுப்பாட்டை இழந்து ரயில் தண்டவாளத்தில் விழுந்தது. டிரைவர் உயிரிழந்தார். அந்தப் பகுதியில் வசிக்கும் வயதான தம்பதி டார்ச் லைட் அடித்து, எதிரே வந்த ரயிலை நிறுத்தினர். இப்படிப்பட்ட பாதையில் இறங்கும் எந்த வண்டிக்கும் முதல் மிதியிலேயே பிரேக் பிடித்தாக வேண்டும்.

பெடல் ஏன் மெத்தென்று ஆகிறது?

டாடா 407, டாடா ஏஸ் எனும் 'குட்டி யானை', பொலேரோ பிக்அப் போன்ற வண்டிகளில் இருப்பது ஆயில் பிரேக். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அந்த அழுத்தம் குழாய் வழியாக நான்கு சக்கரத்துக்கும் போய் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். ஆயில் அமுங்காது, காற்று அமுங்கும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால், நீங்கள் மிதிக்கும் விசை காற்றை அமுக்குவதிலேயே போய்விடும். ஆயில் வெளியே கசிந்தாலும், உள்ளே ரப்பர் வாஷர் தேய்ந்தாலும் பெடல் இறங்கும்.

பெரிய லாரிகளில் இருக்கும் ஏர் பிரேக்குக்கு இது பொருந்தாது. அதன் சோதனை முறையே வேறு.

பெடலை வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?

சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு இந்த 4 விஷயங்களைப் பாருங்கள்.

1. முதல் மிதி ஆழமாகப் போகிறது, அடுத்தடுத்து மிதித்தால் பெடல் மேலே வந்து கெட்டியாகிறது என்றால், பின் டிரம்மில் பிரேக் ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். லைனர் பார்த்து அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.

2. பந்தை அமுக்குவது போல ஸ்பிரிங் அடிக்கிறது என்றால், பெரும்பாலும் உள்ளே காற்று இருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும்.

3. மிதித்து அப்படியே பிடித்திருக்கும்போது பெடல் மெதுவாக அடிவரை இறங்குகிறது என்றால், எங்காவது கசிவு இருக்கிறது. வெளியே ஈரமே இல்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரின் உள் வாஷர் மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.

4. காலையில் நன்றாக இருந்த பெடல், மலை இறங்கியதும் மெத்தென்று ஆகிறது என்றால், ஆயில் கொதித்து ஆவியாகியிருக்க வாய்ப்பு அதிகம்.

'பூஸ்டர் போயிருக்கும்' என்று மாற்றச் சொல்பவர்களிடம் உஷார். பூஸ்டர் பழுதானால் பெடல் கல் மாதிரி கெட்டியாகும், மெத்தென்று ஆகாது.

கசிவு எங்கே இருக்கும்?

டயரின் உள்பக்கம் ஈரமாக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். சக்கரத்துக்குப் போகும் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கிறதா, இரும்புக் குழாய் துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேரும் இடத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கசியும் ஆயில் பூஸ்டருக்குள் போய்விடும், தரையில் சொட்டு விழாது. அடிக்கடி ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறதே என்றால், அதுவே கசிவுக்கு அறிகுறி.

ஆயிலை மாற்றியே ஆக வேண்டுமா?

ஆம். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 ஆயிலுக்கு இது 230, 155 டிகிரி. மலை இறக்கத்தில் விடாமல் பிரேக் மிதிக்கும்போது அந்தச் சூட்டில் ஆயில் ஆவியாகும். ஆவியும் காற்றைப் போலவே அமுங்கும். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. மூடியில் எந்த டாட் எண் போட்டிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள். அவசரத்துக்கு இன்ஜின் ஆயில் ஊற்றினால் வாஷர்கள் உப்பி, மொத்தமும் கெட்டுவிடும்.

ஏர் எடுக்கும் முறை

இதற்கு 2 பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து டியூப் வழியாக ஆயிலைப் பாட்டிலில் இறக்க வேண்டும். நிப்பிளை மூடிய பிறகுதான் பெடலை விட வேண்டும், இல்லாவிட்டால் காற்று திரும்ப உள்ளே போகும். குமிழி வருவது நிற்கும் வரை இதைத் தொடருங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்தில் தொடங்குவது வழக்கம். நம் ஊர் வண்டிகளில் அது பெரும்பாலும் இடது பின் சக்கரம். சில மாடல்களுக்கு வரிசை மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். இடையில் ஆயில் டப்பா காலியாகக் கூடாது. வடித்த ஆயிலைத் திரும்ப ஊற்றவும் கூடாது.

ஓடும்போது பெடல் அடிவரை போனால்?

வேகமாகத் திரும்பத் திரும்ப மிதியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். இன்ஜினை ஆஃப் செய்யாதீர்கள், பூஸ்டரின் உதவியும் போய்விடும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் மலை இறங்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள். எந்த கியரில் ஏற வேண்டிய சரிவோ, அதே கியரில் இறங்குவதே பாதுகாப்பு.

எஃப்.சி. இருந்தால் போதாதா?

8 ஆண்டுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களுக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று புதுப்பிக்க வேண்டும். ஆனால் அது சோதனை செய்த நாளின் நிலைமையைத்தான் சொல்லும். ஒரு வாஷர் தேய்வதற்கு அடுத்த எஃப்.சி. வரை காத்திருக்காது.

பம்ப் பண்ணினால் நிற்கிறது என்பது தைரியம் கொள்ள வேண்டிய விஷயம் அல்ல, அதுதான் எச்சரிக்கை. காரணம் தெரிந்து சரிசெய்யும் வரை லோடு ஏற்றாதீர்கள், மலைப்பாதைக்கும் எடுத்துச் செல்லாதீர்கள். பிரேக் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் அனுபவமுள்ள மெக்கானிக்கிடம் காட்டுவதே நல்லது.