அறிவும் ஒழுகலாறும்

பொதுவாழ்வில் ஒரு குறை தலைதூக்கும்போதெல்லாம், "மக்களுக்கு விழிப்புணர்வு போதாது, ஒவ்வொருவருக்கும் எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும்" என்கிறோம். இவ்விடை எத்துணைப் பொருந்தும் என்பதை நீரைக் கொண்டு ஆராய்வோம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்குள்ள சிற்றூர்களில் மழையின் அருமையை எவருக்கும் கற்பிக்க வேண்டுவதில்லை. திருக்குறளில் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பு அமைந்திருப்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். எனினும், அதனை மனப்பாடம் செய்த நாமே கூரைநீரைத் தெருவில் ஓடவிட்டோம். இதற்குக் காரணம் அறியாமையன்று. ஒருவர் நிலத்தில் இறக்கும் நீர் அவர் கிணற்றோடு நிற்பதில்லை. அண்டை வீட்டார்க்கும் பயன்படுகிறது. ஆதலின், "நாம் மட்டும் செய்து என்னாகப் போகிறது?" என்னும் எண்ணமே பலரைத் தடுத்தது.

2003-ஆம் ஆண்டில் தமிழக அரசு கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. தவறினால் குடிநீர் இணைப்புத் துண்டிக்கப்படும் என்றும் விதித்தது. அறிவுரையால் அசையாத பலரைச் சட்டம் அசைத்தது. அங்ஙனமாயின் கல்வி வீணோ? அன்று. குழாய் பொருத்தியவர்களுள் பலர் வடிகட்டும் குழியைப் பின்னர்த் திரும்பிப் பார்க்கவில்லை. 2019-ஆம் ஆண்டில் சென்னைக்கு நீர்தரும் ஏரிகள் வறண்டபோது இக்குறை மீண்டும் பேசப்பட்டது. அச்சத்தால் அமைத்ததை அறிந்து பேணுவோர் இல்லையெனில், அது பெயரளவில்தான் நிற்கும்.

கல்வி பயன்தரும் வழியைப் புதுக்கோட்டை காட்டியது. அங்கு 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வாயிலாக, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு மிதிவண்டி ஓட்டவும் கற்றனர். ஒருத்தி மட்டும் ஏறியிருந்தால் ஊர் நகைத்திருக்கும். பலர் சேர்ந்து ஏறியபோது அதுவே வழக்கமாயிற்று.

குடிநீர் ஊருணியில் கால் கழுவலாகாது என்பதை நம் முன்னோர் அறிவுரையாக மட்டும் விட்டுவிடவில்லை, ஊர்க்கட்டுப்பாடாகவும் ஆக்கினர். எனவே, தனிமனிதர்க்குக் கற்பித்தல் தொடக்கமேயன்றி முடிவன்று. ஜமாஅத்தாரும் கோயில் நிருவாகத்தாரும் ஊராட்சியினரும் கூடி, ஐப்பசி பிறக்குமுன் ஒரு நாள் குறிக்கட்டும். மாணவர்கள் மண்வெட்டியோடு வரட்டும். தெருவிலுள்ள எல்லாக் குழிகளும் ஒருங்கே தூர்வாரப்படும்போது, "நாம் மட்டுமா?" என்னும் வினா எழாது.