பணியாளரே பயிற்றுநராதல்
(கல்லூரி நூலகங்களைக் குறித்த ஒரு சிந்தனை)

கல்லூரி நூலகம் ஒன்றின் தரத்தை அங்குள்ள நூல்களின் எண்ணிக்கையைக் கொண்டே நாம் பெரும்பாலும் மதிப்பிடுகிறோம். ஆயின், நூலுக்கும் வாசகருக்கும் இடையே நிற்கும் பணியாளர் அந்நூலைக் கண்டெடுத்துத் தர அறியாதவராயின், அது இருந்தும் இல்லாததற்குச் சமமேயாகும். எனவே, பணியாளருக்குப் பயிற்சி அளிக்க வேண்டியவர் யார் என்னும் வினா நமது கவனத்துக்குரியது.

1. சென்னையில் தோன்றிய முன்மாதிரி

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் பயின்ற எஸ். ஆர். அரங்கநாதன் 1924ஆம் ஆண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக நியமிக்கப்பட்டார். கணித ஆசிரியராயிருந்த அவர், அதற்குமுன் நூலகப் பயிற்சி எதுவும் பெற்றவரல்லர். அவ்வாண்டே இங்கிலாந்து சென்று, இலண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் பயின்று, பல நூலகங்களின் நடைமுறைகளை நேரிற்கண்டு, 1925இல் திரும்பினார். பெற்ற அறிவைத் தம்மளவில் அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. 1928இல் சென்னை நூலகச் சங்கம் உருவாயிற்று. அவர் அதன் செயலாளரானார். 1929இல் அச்சங்கம் நூலகப் பணிக்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கிற்று. 1931இல் பல்கலைக்கழகம் அதனை ஏற்றுக்கொண்டது.

இங்குக் கற்பித்தவர் நூலகத்திலேயே அன்றாடம் உழைத்தவர் என்பது கருதத்தக்கது. 1931இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் இறுதியானது, நூலகத்தை வளர்ந்துகொண்டேயிருக்கும் உயிர்ப்பொருளாகக் கொள்கிறது. நூலகம் வளருமாயின், அதன் பணியாளர் என்றோ பெற்ற சான்றிதழோடு நின்றுவிடுவது எங்ஙனம் பொருந்தும்?

2. அண்மைக்கால முயற்சி

கணினியும் இணையமும் நூலகங்களில் நுழைந்தபின் இத்தேவை மிகுந்தது. அமெரிக்காவின் ஷார்லட் நகரப் பொது நூலகம் 2006இல் தன் பணியாளருக்காக 23 சிறு பயிற்சிகளை வகுத்தது. ஒவ்வொருவரும் புதிய இணையக் கருவிகளைத் தாமே கையாண்டு, கற்றதை எழுதிப் பகிர்ந்துகொள்வதே அம்முறை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகங்களின் பணியாளரும் 2010இல் இதனைப் பின்பற்றினர். வெளியிலிருந்து அறிஞரை வரவழைக்காமலே உடன்பணியாளர் ஒருவருக்கொருவர் துணையாயினர்.

3. நடைமுறைப்படுத்தும் வழி

இதற்குப் பெரும்பொருட்செலவு வேண்டுவதில்லை. மாதம் ஒருமுறை ஒரு மணி நேரம் ஒதுக்கினாலும் போதும். நூற்பட்டியல் தயாரிப்பவர், ஒரு நூலுக்கு வகுப்பெண் எவ்வாறு அமைகிறதென்று பிறருக்கு விளக்கலாம். நூல் வழங்குமிடத்தில் இருப்பவர், வாசகர் எந்தத் தலைப்பில் தேடி ஏமாறுகின்றனர் என்பதை எடுத்துரைக்கலாம். இவ்விரண்டும் சேரும்போதுதான் பட்டியல் திருந்தும்.

எனினும், இரு தடைகளை நாம் உணர வேண்டும். முதலாவது, நேரம். பயிற்சியைப் பணிநேரத்துக்குள் அமைக்காவிடின் அது கூடுதல் சுமையாகிவிடும். இரண்டாவது, பதவி வேறுபாடு. நூல்களை அலமாரியில் அடுக்கும் கடைநிலைப் பணியாளருக்கே, எவை இடம் மாறிக் கிடக்கின்றன, எவை தொடப்படாமல் இருக்கின்றன என்பது நன்கு தெரியும். ஆயினும் அவரிடம் எவரும் கேட்பதில்லை. அவரும் கூறத் துணிவதில்லை. அவர் கற்பிக்கும் நாளில் தலைமை நூலகர் மாணவராக அமர்ந்திருப்பாரானால், அத்தடை பெரும்பாலும் நீங்கும்.

முறையான பட்டப்படிப்புக்கு இது மாற்றன்று, அதன் தொடர்ச்சியேயாகும். நூல் வாங்கப் பணம் ஒதுக்கும் நம் கல்லூரிகள், அந்நூலை வாசகர் கையில் சேர்ப்பவர் கற்பதற்கும் நேரம் ஒதுக்குகின்றனவா என்பதை நாம் ஆராய்ந்து பார்ப்பது நலமாகும்.