ஆக்கர் கடை வாங்காத உலோகம்

நாஞ்சில் நாட்டு வீடுகளில் உலோகத்தைக் குப்பையென்று எறியும் வழக்கம் ஆதியில் இருந்ததில்லை. ஓட்டை விழுந்த பித்தளைச் சருவமும், காது முறிந்த வெண்கல உருளியும், அடி தேய்ந்த செம்புப் பானையும் அரங்கு என்னும் உள்ளறையில் வருஷக்கணக்கில் கிடந்து, பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் தராசேறி, சேதாரம் கழிக்கப்பட்டு, புதுப் பாத்திரங்களாய் மறுவீடு போய்ச் சேர்ந்தன.

பழைய உலோகத்தைச் சேர்த்துவைத்து மாற்றும் அந்த வழக்கம் முற்றிலும் அழிந்துவிடவில்லை. இரும்பும் அலுமினியமும் இன்றும், பழைய பொருள் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றன. பாக்சைட் தாதுவிலிருந்து அலுமினியத்தைப் புதிதாய் எடுக்கச் செலவாகும் சக்தியில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கே பழையதை உருக்கி வார்க்கப் போதுமாகையால், அக் கடைக்காரர் தம் ஜீவனத்தைப் பார்த்துக்கொண்டே ஊருக்குச் செய்யும் உபகாரம் சாமானியமானதன்று. 1909-இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய ரசாயன நிபுணர் மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் என்னும் தாது இருப்பதைக் கண்டறிந்த காலந்தொட்டுக் கடற்கரை தோண்டப்படுவதைப் பார்த்துவரும் குமரி மாவட்டத்தாருக்கு, தாது எடுக்கப்படும் நிலத்தின் கதி என்ன என்பதை வேறொருவர் வந்து விளக்க வேண்டியதில்லை.

ஆனால் கடைக்காரர் வாங்குகிற உலோகத்தால் நமக்கு வரும் தொல்லை கொஞ்சம். அவர் கையால் தள்ளிவிடுகிற உலோகத்தால் வருவதே அதிகம். டார்ச்சு விளக்கின் தீர்ந்துபோன பாட்டரி, கைக்கடிகாரத்தின் பொத்தான் பாட்டரி, கொசு மருந்து தெளிக்கும் டப்பா, குழல் விளக்கு, உடைந்த தெர்மாமீட்டர் ஆகிய இவை எடைக்கும் உதவாமல், விலைக்கும் போகாமல், சமையற்கட்டுக் குப்பையோடு கலந்து நாகர்கோவில் வலம்புரிவிளைக் கிடங்கையோ, அருகிலுள்ள ஓடையையோ அடைகின்றன. நசுங்கிய லித்தியம் பாட்டரி தானே தீப்பற்றக்கூடியது. அக் கிடங்கு எரிந்து புகை கவியும் செய்தி இந் நகரத்தாருக்குப் புதிதன்று. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவ மழையும் பெய்யும் பூமியாதலால், வெட்டவெளியில் கிடக்கும் ஈயமும் காட்மியமும் கரைந்து கிணற்றையும் குளத்தையும் நாடுவதற்கு இங்கே வழி எளிது. பொத்தான் பாட்டரியின் அபாயமோ மழைக்குக் காத்திருப்பதில்லை. குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும் என்பதால், வாந்தியெடுக்கச் செய்யும் கைவைத்தியத்தில் இறங்காமல், ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ பக்கத்திலுள்ள வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கோ உடனே தூக்கிச் செல்ல வேண்டும்.

பழைய பொருள் கடை விஷக் களஞ்சியமாக மாறக்கூடும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே திருஷ்டாந்தம் உண்டு. 2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் இருந்த அத்தகைய கடையொன்றில், ஹிந்துஸ்தான் லீவர் தெர்மாமீட்டர் தொழிற்சாலையிலிருந்து வந்த, பாதரசம் தோய்ந்த உடைந்த கண்ணாடி சுமார் 7.4 டன் கண்டுபிடிக்கப்பட்டது. தொழிற்சாலை மூடப்பட்டது; 2003-இல் ஏறக்குறைய 290 டன் கழிவு அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. நம் வீட்டுத் தெர்மாமீட்டரில் இருப்பது அற்பமே. ஆயினும் அதை உடைந்தபடியே சாக்கில் போட்டுக் கொடுத்தால், கையுறையின்றிச் சாக்கைக் கொட்டிப் பிரிக்கிற தொழிலாளிதான் முதலில் அதைச் சுவாசிக்கிறார். பி.வி.சி. உறையைக் கொளுத்திவிட்டுச் செம்புக் கம்பியை எடுப்பதும் அப்படிப்பட்டதே; அந்த உறை எரிந்த புகையில் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்கிறது.

சட்டம் இவ்விஷயத்தில் மௌனமாக இல்லை. 2016-இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்குவது, மக்காதது, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கும் கடமையைக் குடும்பத்தார்மீதும், பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்லும் கடமையை உள்ளாட்சிமீதும் வைத்தன. காலையில் தாம் பிரித்து வைத்ததெல்லாம் ஒரே வண்டியில் ஒன்றாய்க் கொட்டப்படுவதைக் கண்ட ஓர் இல்லத்தரசி மறுநாள் பிரிக்க மறுத்தால், அவரைக் குறை சொல்ல எனக்கு நாவெழாது; ஆனால் மறுப்பதைவிட, அதை எழுத்தில் முறையிடுவதே பயன் தரும். 2022-இல் வந்த பாட்டரிக் கழிவு விதிகளும், 2023 ஏப்ரல் 1 முதல் அமலிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளும், பயன் தீர்ந்த பண்டத்துக்கு அதை உற்பத்தி செய்தவரையே பொறுப்பாளியாக்கின. ஆகவே இன்வெர்ட்டர் பாட்டரியை மாற்றும்போது, பழையதைக் கடையிலேயே ஒப்படைத்து அதற்குரிய தொகையை விலையில் கழித்துத் தரும்படி கேட்கலாம். அமிலத்தைச் சாய்க்கடையில் ஊற்றிவிட்டு ஈயத்தை மாத்திரம் விற்பது விபரீதம்.

விற்பவருக்கு வேண்டிய விவேகமும் ஒன்றுண்டு. எல்லாம் ஒரே சாக்கில் கிடந்தால் எல்லாவற்றுக்கும் இரும்பு விலையே கிடைக்கும். காந்தத்தில் ஒட்டுவது இரும்பு. ஒட்டாததில் செம்பு, பித்தளை, அலுமினியத்தை நிறத்தாலும் கனத்தாலும் பிரித்துவிடலாம். எவர்சில்வரில் பெரும்பாலானவை ஒட்டா, சில ஒட்டும். தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவும், இல்லையேல் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவில் புகார் செய்யவும் விற்பவருக்கு உரிமையுண்டு. கடையிலே மலிவாகக் கிடைக்கிறதென்று கோயில் மணியையோ விளக்கையோ வாங்குவது வேறு சங்கதி: திருட்டுப் பொருளென்று கருத நியாயமிருந்தும் வாங்குபவரைப் பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவு மூன்றாண்டுவரை சிறைக்கு அனுப்பக்கூடும். நூறாண்டு கடந்த பாவை விளக்கு பரம்பரைச் சொத்தாகவே இருந்தாலும், தொல்லியல் துறையாரிடம் காட்டாமல் உருக்கப் போடுவது தகாது.

பிரித்த குப்பையைக் கலந்து கொட்டுவது பற்றிய முறையீடு முதலில் மாநகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்துக்குப் போக வேண்டும்; எரிப்பதும் அமிலம் கொட்டுவதுமானால் நாகர்கோவிலிலுள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்துக்கு. பதில் வராவிடில் 1100 என்ற முதலமைச்சர் உதவி எண்ணும், கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டமும் இருக்கின்றன. மனு கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கி, தேதியோடு பத்திரப்படுத்த வேண்டும். விவகாரம் சென்னையிலுள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை போக நேர்ந்தால், சுற்றுச்சூழல் தகராறை 6 மாதத்துக்குள்ளும், நஷ்டஈட்டுக் கோரிக்கையை 5 வருஷத்துக்குள்ளும் தாக்கல் செய்ய வேண்டுமாதலால், அந்தத் தேதி அப்போது உதவும்.