மகப்பேற்றுக்குப் பின் தளரும் இதயம்

கருவுற்ற பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவு ஏறத்தாழ 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது; அந்தச் சுமையை மாதக்கணக்கில் தாங்கும் இதயம் பிள்ளைப்பேற்றுக்குப் பின் மெல்ல இயல்புக்குத் திரும்புவதே வழக்கம் என்றாலும், சில பெண்களுக்கு அதன் தசை வலுவிழந்து இரத்தத்தைத் தள்ள முடியாமல் தளர்ந்துவிடுகிறது. பேறுகால இதயத்தசை நோய் எனப்படும் இது, முன்பு இதயக் கோளாறு ஏதும் அறியாத பெண்ணுக்கும் பேறுகாலத்தின் கடைசி வாரங்களிலோ குழந்தை பிறந்த பின் வரும் மாதங்களிலோ தோன்றக்கூடியது. மிகை இரத்த அழுத்தமும் இரட்டைக் கருவும் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன. சிலரிடம் மரபணுக் காரணமும் உண்டு.

மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுவதும், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தால்தான் உறங்க முடிவதும், கணுக்காலுக்கு மேல் விரலால் அழுத்தினால் குழி விழும் அளவுக்கு வீக்கம் கூடுவதும் இந்நோயின் அறிகுறிகள். இவற்றைப் பிள்ளை பெற்ற உடம்பின் அசதி என்று வீட்டார் எண்ணிவிடுவதால்தான் சிகிச்சை தாமதமாகிறது. உண்மையை எக்கோ பரிசோதனை காட்டிவிடும்: இதயத்தின் இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வெளியேறுகிறது என்பதைக் குறிக்கும் வெளியேற்ற விகிதம், பொதுவாக 55 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது, இந்நோயில் 45-க்கும் கீழே இறங்கிவிடுகிறது.

உரிய சிகிச்சை பெற்றால் பலருக்கு இதயம் தேறிவிடுகிறது. ஆயினும் அடுத்த கருவைத் தாங்குமா என்பது தனிக் கேள்வி. இந்நோய் கண்டு மீண்டும் கருவுற்ற 44 பெண்களை ஆராய்ந்து 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இதயத்திறன் இயல்புக்குத் திரும்பியிருந்த 28 பேரில் எவரும் இறக்கவில்லை என்றாலும் 21 விழுக்காட்டினருக்கு இதயச் செயலிழப்பின் அறிகுறிகள் தோன்றின. திறன் மீளாத 16 பேரிலோ 44 விழுக்காட்டினருக்கு அவை தோன்றியதோடு மூவர் உயிரிழந்தனர்.

ஆகவே, இந்நோயிலிருந்து மீண்ட பெண் அடுத்த குழந்தையைப் பற்றி எண்ணும் முன்பே எக்கோ எடுத்து, இதய மருத்துவர், மகப்பேறு மருத்துவர் இருவரின் ஆலோசனையையும் பெறுவது இன்றியமையாதது. ஏனெனில் இதயத்துக்குத் தரப்படும் மருந்துகளில் சில கருவுக்குத் தீங்கானவை என்பதால் அவற்றை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும். அதுவரை ஏற்ற கருத்தடை முறையையும் மருத்துவரே தேர்ந்து சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பெண் மூச்சு வாங்குகிறது என்று சொன்னால், அதை அசதி என்று தள்ளிவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது வீட்டாரின் கடமை.