மேடையில் கணினிவழி கீபோர்டு வாசிப்பு

இசைக் கீபோர்டின் கட்டைகளை வாசிக்கும்போது, அதற்குரிய ஒலியை அந்தக் கருவிக்குப் பதிலாக ஒரு மடிக்கணினி எழுப்பும்படி அமைப்பதே கணினிவழி கீபோர்டு வாசிப்பு ஆகும். (தட்டச்சு செய்யும் விசைப்பலகை வேறு.) சென்னையின் தென்புறநகரான கோவிலம்பாக்கம், மேடவாக்கம், கீழ்க்கட்டளை வட்டாரத்தில் ஆடித் திருவிழா மெல்லிசைக் கச்சேரியானாலும், தேவாலயப் பாடற்குழுவானாலும், பள்ளி ஆண்டு விழாவானாலும் கீபோர்டு இல்லாத மேடை அரிது. அதன் அருகே ஒரு மடிக்கணினியையும் வைக்க விரும்பும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டியவை இக்கட்டுரையில் சொல்லப்படுகின்றன.

தமிழ்த் திரையிசைக்குக் கணினி புதிதன்று. 1986-இல் வெளிவந்த 'புன்னகை மன்னன்' படத்திலேயே இளையராஜா கணினி இசையைப் பயன்படுத்தினார். ஆனால் ஒலிப்பதிவுக் கூடத்தில் கணினி தடுமாறினால் மீண்டும் ஒரு முறை பதிவு செய்துகொள்ளலாம். மேடையில் அந்த வசதி இல்லை. ஆகவே மேடைக்கான கணினியிடம் நாம் முதலில் எதிர்பார்ப்பது அழகான ஒலியை அன்று. பிந்தாமலும் நிற்காமலும் ஒலிப்பதை.

மிடி

கீபோர்டையும் கணினியையும் இணைக்கும் பொது மொழி மிடி எனப்படுகிறது. அமெரிக்காவின் டேவ் ஸ்மித், ஜப்பானின் இகுதாரோ ககேஹாஷி ஆகியோரின் முயற்சியால் 1983-இல் நடைமுறைக்கு வந்தது. மிடி கம்பியில் ஒலி செல்வதில்லை, செய்தி மட்டுமே செல்கிறது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையுடன், எப்போது விடப்பட்டது என்பவை 0 முதல் 127 வரையான எண்களாகப் போகும். நடு 'சி' சுரத்தின் எண் 60. ஓர் இணைப்பில் 16 தடங்கள் உண்டு.

வீட்டில் உள்ள சாதாரண கீபோர்டின் பின்புறம் 'யூ.எஸ்.பி. டு ஹோஸ்ட்' என்ற துளை இருந்தால் அதுவே போதும். புதிதாக வாங்க வேண்டாம். இணைத்தவுடன் கீபோர்டின் சொந்த ஒலியும் கணினி ஒலியும் சேர்ந்து கேட்கும். அமைப்புப் பட்டியலில் 'லோக்கல் கண்ட்ரோல்' என்பதை நிறுத்திவிட்டால் கணினி ஒலி மட்டும் வரும். மிதிகட்டையின் மீது கால் வைத்தபடி கீபோர்டை இயக்கக் கூடாது. பல கருவிகள் அந்த நிலையையே 'விட்ட நிலை' என்று எடுத்துக்கொள்ளும். பிறகு மிதித்தால் ஒலி நிற்கும், விட்டால் நீளும்.

தாமதம்

கட்டையை அழுத்துவதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே உள்ள நேரமே தாமதம். கணினி ஒலியை ஒவ்வொரு துளியாக அனுப்புவதில்லை. ஒரு தொகுப்பைக் கணக்கிட்டு முடித்த பிறகே அனுப்புகிறது. இத்தொகுப்பின் பெயர் பஃபர். நொடிக்கு 48,000 துளிகள் என்ற வீதத்தில் 256 துளிகள் கொண்ட பஃபருக்கு 256 ÷ 48,000, அதாவது 5.3 மில்லி நொடி ஆகும். 128 என்றால் 2.7, 1,024 என்றால் 21.3. இதனுடன் ஒலிக்கருவி எடுத்துக்கொள்ளும் நேரமும் சேரும்.

இந்த எண்களை மனத்தில் வாங்கிக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. காற்றில் ஒலி ஒரு மில்லி நொடியில் ஏறத்தாழ 34 சென்டிமீட்டர் செல்கிறது. எனவே 10 மில்லி நொடித் தாமதம் என்பது ஒலிபெருக்கியை மூன்றரை மீட்டர் தள்ளி வைத்தது போன்றது. அது பெரும்பாலோருக்குத் தொந்தரவாக இராது. 30-ஐத் தாண்டினால் தபலாவோடு சேராமல் விரல் பின்தங்கும்.

அப்படியானால் பஃபரை மிகச் சிறியதாக வைத்துவிடலாமே என்று மாணவர் கேட்பார். வைத்தால் கணினி ஒவ்வொரு தொகுப்பையும் மிகக் குறுகிய கெடுவுக்குள் முடித்தாக வேண்டும். ஒருமுறை கெடு தவறினாலும் 'டப்' என்ற வெடிப்பொலி ஒலிபெருக்கியில் வந்துவிடும். இந்த இழுபறிதான் பொருளின் மையம். என் பரிந்துரை: 256-இல் தொடங்குங்கள், நிகழ்ச்சியிலேயே மிகக் கனமான பாட்டை மிதிகட்டையை அழுத்தியபடி பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள், வெடிப்பு இல்லையென்றால் 128-க்கு இறங்கலாம்.

விண்டோஸ் கணினியில் இதற்கு 'ஆசியோ' என்ற இயக்கி தேவை. ஜெர்மனியின் ஸ்டைன்பெர்க் நிறுவனம் உருவாக்கியது. விண்டோஸின் வழக்கமான ஒலிப்பாதையைச் சுற்றிக்கொண்டு போகாமல் கருவியோடு நேராகப் பேசும். தனி ஒலிக்கருவி இல்லாதோருக்கு 'ஆசியோ ஃபார் ஆல்' இலவசமாகக் கிடைக்கிறது. ஆப்பிள் கணினியில் 'கோர் ஆடியோ' உள்ளேயே இருப்பதால் இந்த வேலை இல்லை. புளூடூத் ஒலிபெருக்கியோ காதணியோ இந்த வேலைக்கு உதவாது. அதன் தாமதம் பெரும்பாலும் 100 மில்லி நொடிக்கு மேல்.

மென்பொருள்

ஒலியெழுப்பும் மென்பொருள்களை ஒன்றாக ஏற்றி, பாட்டுக்கு ஒன்றாக அடுக்கித் தருவது மேடை மென்பொருளின் பணி. ஆப்பிளுக்கு 'மெயின்ஸ்டேஜ்', விண்டோஸுக்கு 'கேன்டபிலே', இரண்டுக்கும் 'கிக் பெர்ஃபார்மர்' உள்ளன. கேன்டபிலேயின் 'லைட்' பதிப்பு இலவசம். லினக்ஸில் 'கார்லா' உண்டு. பியானோ ஒலிக்கு யமாகா சி5 பியானோவிலிருந்து பதிவான 'சாலமாண்டர்' தொகுப்பு இலவசமாகவே கிடைக்கிறது. விலையுயர்ந்த ஒலித்தொகுப்புகளை முதலில் வாங்குவோர் பலர். கையில் பணம் இருந்தால் முதலில் ஒரு நல்ல ஒலிக்கருவி வாங்குவதே முறை.

எல்லாப் பாட்டுகளின் ஒலிகளையும் கச்சேரிக்கு முன்பே நினைவகத்தில் ஏற்றிவிட வேண்டும். மேடையில் ஒரு பாட்டு முடிந்து அடுத்த ஒலி 'ஏறிக்கொண்டிருக்கிறது' என்றால் பாடகர் காத்திருக்க மாட்டார். வை-ஃபை, புளூடூத், தானியங்கிப் புதுப்பிப்பு, அறிவிப்பு ஒலி அனைத்தையும் நிறுத்துக. பள்ளி விழா ஒன்றில் கடவுள் வாழ்த்தின் நடுவே மின்னஞ்சல் வந்த 'டிங்' அரங்கம் முழுவதும் ஒலித்ததைக் கேட்டவன் நான்.

சுருதியும் கமகமும்

ஆர்மோனியக் கட்டைகளை எண்ணிச் சொல்லும் நம் வழக்கில் ஒரு கட்டை 'சி', நான்கு கட்டை 'எஃப்', ஐந்தரைக் கட்டை 'ஜி ஷார்ப்'. பாடகர் கடைசி நேரத்தில் அரைக் கட்டை இறக்கச் சொல்வது அன்றாட நிகழ்ச்சி. சுருதி மாற்றத்தைக் கீபோர்டிலோ மென்பொருளிலோ ஓரிடத்தில் மட்டும் செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். இரண்டிலும் செய்தால் அரைக் கட்டை முழுக் கட்டையாகிவிடும்.

கே. சத்தியநாராயணன் போன்று கர்நாடக இசையைக் கீபோர்டில் வாசிப்போருக்குக் கமகம் தருவது பிட்ச் பெண்ட் சக்கரம். மிடியில் இதற்கு 16,384 படிகள் உள்ளதால் வழுக்கல் படிப்படியாகக் கேட்காது. ஆனால் ஒரு தடத்தில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சக்கரம் சேர்த்தே வளைக்கும். 'ச-ப' சுருதியைப் பிடித்துக்கொண்டு அதே தடத்தில் ராகம் வாசித்தால் சுருதியும் சேர்ந்து ஆடும். சுருதிக்கு ஒரு தடம், ராகத்துக்கு வேறு தடம் என்று பிரித்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. எத்தனை அரைச்சுரம் வளைய வேண்டும் என்பதையும் மென்பொருளில் அமைக்கலாம். பொதுவாக மேலும் கீழும் இரண்டாக இருக்கும்.

மின்சாரம்

திருவிழா மேடையில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு மாறும் சில நொடிகளில் மடிக்கணினி பேட்டரியால் பிழைத்துக்கொள்ளும். அடாப்டரில் ஓடும் கீபோர்டு அணைந்துவிடும். அது மீண்டும் உயிர்பெறும்போது சில மென்பொருள்கள் அதை அடையாளம் காண்பதில்லை. கீபோர்டுக்குச் சிறிய யூ.பி.எஸ். வைக்கலாம், அல்லது கணினியின் யூ.எஸ்.பி. மின்சாரத்திலேயே இயங்கும் கட்டுப்பாட்டுக் கீபோர்டைப் பயன்படுத்தலாம். கம்பிகளை ஒத்திகையில் செருகிய அதே துளைகளில் செருகுவது நல்லது.

சார்ஜரைச் செருகியதும் ஒலிபெருக்கியில் 'ம்ம்' என்ற இரைச்சல் கிளம்பினால், கணினியும் மிக்ஸரும் வெவ்வேறு வழிகளில் நிலத்தோடு இணைந்திருப்பதே பெரும்பாலும் காரணம். சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் ஒலிக்கம்பியின் நடுவே தரை இணைப்பைத் துண்டிக்கும் வசதியுள்ள 'டி.ஐ. பாக்ஸ்' வைக்க வேண்டும். மின்செருகியின் எர்த் முனையை வெட்டும் பழக்கம் சில இடங்களில் உண்டு. உயிரைப் பறிக்கக் கூடியது. எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள்.

ஒரு சுரம் விடாமல் ஒலித்துக்கொண்டே இருந்தால், கட்டையை விட்ட செய்தி கணினிக்கு வந்து சேரவில்லை என்று பொருள். மென்பொருளில் 'பேனிக்' என்ற பொத்தான் இதற்காகவே இருக்கிறது. அதைக் கீபோர்டின் ஏதேனும் ஒரு பொத்தானோடு முன்பே இணைத்து வையுங்கள். கணினியே நின்றுபோனால்? கீபோர்டின் சொந்த ஒலி வெளியீட்டிலிருந்து மிக்ஸரின் இன்னொரு தடத்துக்கு ஒரு கம்பி எப்போதும் செருகியிருக்கட்டும். அந்தத் தடத்தைத் திறந்து, 'லோக்கல் கண்ட்ரோலை' மீண்டும் இயக்கினால் அடுத்த சரணத்துக்குள் பியானோ திரும்பிவிடும். இந்த மாற்றத்தையும் ஒத்திகையில் இரண்டு முறையாவது செய்து பார்க்க வேண்டும்.