ஜீப்பை உயர்த்தினால் பிராக்கெட்டையும் மாற்ற வேண்டும்

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் உள்ள ரூபிகான் தடம் ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி பாறை. அங்கே போக ஆசைப்படும் ஜீப் ராங்ளர்காரர்கள் பலர் முதலில் நீளமான ஸ்பிரிங் போட்டு வண்டியை மூன்று, நான்கு அங்குலம் தூக்குகிறார்கள். பெரிய டயர் பொருந்துகிறது, அடிப்பகுதி பாறையில் இடிப்பது குறைகிறது. நெடுஞ்சாலைக்குத் திரும்பியதும் வண்டி நேராகப் போக மறுக்கிறது.

குற்றம் ஸ்பிரிங்கில் இல்லை. 2007 முதல் 2018 வரை வந்த ஜேகே ராங்ளரில் முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் ஒன்றாகப் பிணைக்கும் திட ஆக்சில்தான். அதைச் சேசிஸோடு பிணைப்பவை கன்ட்ரோல் ஆர்ம்கள். பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது டிராக் பார். இவற்றின் முனைகளைத் தாங்குபவை பிராக்கெட்டுகள். வண்டி உயர்ந்தாலும் பிராக்கெட் பழைய இடத்திலேயே இருப்பதால் ஆர்ம்களின் சரிவு கூடுகிறது, ஆக்சில் சுழல்கிறது, காஸ்டர் கோணம் குறைகிறது. சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அதே சாய்வுதான் காஸ்டர். திருப்பிய சக்கரத்தை நேருக்குக் கொண்டுவருவது அது. ஜேகேயில் தொழிற்சாலை வைத்த அளவு சுமார் 4.2 டிகிரி.

இதற்கு எளிய மருந்து, கீழ் ஆர்மின் சேசிஸ் முனையை இறக்கும் பிராக்கெட். ஆர்ம் மறுபடி படுக்கைவாட்டுக்கு வருகிறது, காஸ்டர் கூடுகிறது, குழியில் விழும்போது உடம்புக்கு ஏறும் அதிர்ச்சியும் தணிகிறது. விலையும் உண்டு: தொங்கும் பிராக்கெட் பாறையில் முதலில் மாட்டும். பாறையே தொழிலாக ஓட்டுபவருக்கு நீளமான ஆர்ம்களே மேல்.

டிராக் பார் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. பின் ஆக்சிலில் அதன் முனையை மேலே ஏற்றும் பிராக்கெட் போட்டால் பார் படுத்து, வளைவில் வண்டி சாய்வது குறையும். ஆனால் பிராக்கெட் உயர உயர நெம்பும் விசையும் பெருகும். குறுக்குத் தாங்கி இல்லாவிட்டால் ஆக்சில் குழாயிலிருந்து பிய்ந்துவிடக்கூடும். முன்பக்கம் பாரை மட்டும் ஏற்றுவது பெரும் தவறு. ஸ்டியரிங்கின் டிராக் லிங்க்கும் (drag link) அதற்கு இணையாக ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும்.

முன்சக்கரங்கள் வெறிபிடித்ததுபோல் உதறும் 'டெத் வாபிள்' வந்தால் பலர் புது ஸ்டியரிங் டாம்பர் வாங்குகிறார்கள். அது நோயை மறைக்கும், அவ்வளவுதான். முதலில் பார்க்க வேண்டியது டிராக் பார் போல்ட். அதற்கான முறுக்கு 125 அடி-பவுண்டு, அதாவது சுமார் 170 நியூட்டன் மீட்டர். வண்டியின் எடை சக்கரத்தில் நிற்கும்போதே முறுக்க வேண்டும். தளர்ந்த போல்ட் துளையை நீள்வட்டமாக அரித்துவிடும். அப்படி அரித்த துளையில் எத்தனை முறை முறுக்கினாலும் ஆட்டம் நிற்காது. தடித்த பிராக்கெட்டை வெல்டிங் செய்தே ஆக வேண்டும். வெல்டிங் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாகப் பிளந்து துரு கசிந்திருந்தால் விரிசல் தொடங்கியிருக்க வாய்ப்பு அதிகம். அதைச் சரிபார்க்கும்வரை அந்த வண்டியைத் தடத்தில் இறக்கக் கூடாது.